அடிமைப் பத்திரங்களில் வம்சத் தேடல்: அமெரிக்கக் கவுண்டி ஏடுகளும் ஆப்பிரிக்க முஸ்லிம்களின் வழித்தடங்களும்

அரபுக் கோத்திரங்கள் தம் நஸபை மனனம் செய்து காத்தன. மேற்கு ஆப்பிரிக்காவில் கிரியோ எனப்படும் பாணர்கள் குலவரிசையைப் பாடிப் பாதுகாத்தனர். ஆனால், ஒருவனைக் கடல் கடத்தி விற்று, அவன் பெயரை மாற்றி, மொழியையும் மார்க்கத்தையும் பறித்து, அவன் பிள்ளைகளையும் வேறு வேறு ஊர்களுக்கு விற்றுவிட்ட பின்னர், ஐந்தாம் தலைமுறையில் வந்த பேரன் எந்த ஏட்டைப் புரட்டித் தன் பாட்டனைக் கண்டுகொள்வான்? அமெரிக்காவில் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்கள் அனைவர் முன்பும் நிற்கும் வினா இது. அந்த ஆப்பிரிக்கர்களில் திருக்குர்ஆனை ஓதவும் அரபியில் எழுதவும் தெரிந்த முஸ்லிம்களும் இருந்தனர் என்பதால் இவ்வினா நமக்கும் உரியதாகிறது.

விடை கிடைக்கும் இடம் விந்தையானது. அடிமையை மனிதனாகக் கருதாத சமூகம், அவனைச் சொத்தாகக் கருதியது. சொத்து என்பதால் பதிவு செய்தது. அப்பதிவுகள் உறங்கும் இடம் கவுண்டி நீதிமன்றக் கட்டடம்.

கவுண்டி என்னும் ஏட்டறை

கவுண்டி என்பது அமெரிக்க மாநிலத்தின் உட்பிரிவு. நம் நாட்டில் நீதிமன்றம், சார்பதிவாளர் அலுவலகம், வரி அலுவலகம் என்று பிரிந்து கிடக்கும் பணிகள் அங்கு ஒரே கூரையின்கீழ் நடைபெற்றன. நில விற்பனை, அடமானம், உயில், இறந்தவரின் சொத்துப் பட்டியல், திருமணம், வரி ஆகிய அனைத்தும் கவுண்டி எழுத்தரின் ஏடுகளில் ஏறின. வர்ஜீனியாவில் இந்த அமைப்பு 1634-இல் எட்டுக் கவுண்டிகளுடன் தொடங்கியது.

வம்சம் தேடுவோர் முதலில் கற்க வேண்டியது எல்லைகளின் வரலாற்றை. குடியேற்றம் மேற்கு நோக்கி விரிய விரியக் கவுண்டிகள் பிரிந்துகொண்டே இருந்தன. 1738-இல் சட்டத்தால் உருவாக்கப்பட்ட ஆகஸ்டா கவுண்டி, வர்ஜீனியா உரிமை கோரிய மேற்கு நிலப்பரப்பு முழுவதையும் தழுவி நின்றது. 1776-இல் கென்டக்கி முழுவதும் வர்ஜீனியாவின் ஒரே கவுண்டியாக அமைக்கப்பட்டது. 1780-இல் அது மூன்றாகப் பிரிந்தது. 1792-இல் தனி மாநிலமாயிற்று. ஒரு குடும்பம் இருந்த இடத்தைவிட்டு அசையாமலேயே பல கவுண்டிகளின் ஏடுகளில் இடம்பெற்றிருக்கக் கூடும். கவுண்டி பிரிந்தாலும் பழைய ஏடுகள் பெரும்பாலும் தாய்க் கவுண்டியிலேயே தங்கிவிடும். எனவே இன்றைய வரைபடத்தை அன்று. நிகழ்ச்சி நடந்த ஆண்டின் வரைபடத்தையே கையில் கொள்ள வேண்டும்.

அழிவும் நேர்ந்துள்ளது. உள்நாட்டுப் போரின்போது பாதுகாப்புக்கென்று சில கவுண்டிகள் தம் ஏடுகளை ரிச்மண்ட் நகருக்கு அனுப்பின. 1865 ஏப்ரலில் அந்நகரம் பற்றி எரிந்தபோது அவையும் சாம்பலாயின. 1890-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கேடுகள் 1921-இல் வாஷிங்டனில் ஏற்பட்ட தீயில் பெரிதும் பாழாயின.

1870 என்னும் மதில்

அமெரிக்காவின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790-இல் நடந்தது. 1840 வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே எழுதப்பட்டது. 1850 முதல் சுதந்திர மக்கள் அனைவரின் பெயரும் எழுதப்பட்டது. ஆனால் 1850, 1860 ஆகிய ஆண்டுகளின் அடிமைப் பட்டியல்களில் உரிமையாளரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் ஆகியவை மட்டுமே உள்ளன. அடிமையின் பெயர் இல்லை. விடுதலை பெற்றோர் தம் பெயருடன் குடிமக்களாக முதன்முதலில் பதிவானது 1870-இல்தான். அதற்கு முன்னே செல்ல முயல்வோர் மதிலில் முட்டிக்கொண்டவர்போல் நின்றுவிடுகின்றனர்.

மதிலைக் கடக்க வழி உண்டு. வர்ஜீனியாவில் 1866-ஆம் ஆண்டுச் சட்டம் விடுதலை பெற்றோரின் இல்லறத்தை ஏற்றுக்கொண்டது. அதையொட்டிக் கவுண்டிதோறும் கணவன், மனைவி, பிள்ளைகள், முன்னாள் உரிமையாளர் ஆகியோரின் பெயர்களைக் கொண்ட பதிவேடுகள் தயாராயின. அவற்றுள் சில எஞ்சியுள்ளன. 1865 முதல் 1874 வரை இயங்கிய விடுதலை பெற்றோர் சேமிப்பு வங்கியின் ஏடுகளில், கணக்குத் தொடங்கியவர்களுள் பலர் தம் பிறந்த ஊரையும் பெற்றோரையும் முன்னாள் உரிமையாளரையும் குறிப்பிட்டுள்ளனர்.

உரிமையாளரின் பெயர் தெரிந்தால் அடுத்த கதவு திறக்கும். அவர் இறந்தபோது நீதிமன்றம் எடுத்த சொத்துப் பட்டியலில் குதிரைக்கும் கட்டிலுக்கும் இடையே மனிதர்களின் பெயர்களும் விலையும் நிற்கும். மகளுக்குச் சீதனமாக யார் சென்றார், கடனுக்காக யார் அடமானம் வைக்கப்பட்டார் என்பது பத்திரங்களில் தெரியும். குழந்தை தாயின் நிலையையே அடையும் என்று வர்ஜீனியா 1662-இல் சட்டம் இயற்றியது. தந்தை சுதந்திரமானவரே ஆயினும், அடிமைத் தாயின் குழந்தை அத்தாயின் உரிமையாளருக்குச் சொத்தாயிற்று. ஆகவே, தந்தைவழியே நஸபைக் கணித்துப் பழகிய நாம் இங்குத் தாய்வழியே நடக்க வேண்டும். ஆவணத்தின் இழை அறுபடாமல் செல்லும் திசை அதுவே.

வழித்தடங்கள்

பத்திரம் ஓர் ஊரில் தொடங்கி மறு ஊரில் முடிவதற்குக் காரணம் இடப்பெயர்வு. பிலடெல்பியாவிலிருந்து ஷெனான்டோவா பள்ளத்தாக்கு வழியே கரோலினாவுக்கு இறங்கிய பெரும் வண்டிப்பாதை, 1775-இல் டேனியல் பூன் குழுவினர் கம்பர்லண்ட் கணவாய் வழியே கென்டக்கிக்குத் திறந்த பாதை, நாஷ்வில்லிலிருந்து நாட்செஸ் செல்லும் தடம் ஆகியவை வெள்ளைக் குடியேறிகளின் வீரக் கதைகளில் புகழ்பெற்றவை. அவ்வழிகளில் அடிமைகளும் நடத்திச் செல்லப்பட்டனர் என்பதை அக்கதைகள் பெரிதாகச் சொல்வதில்லை.

1808 ஜனவரி முதல் நாளிலிருந்து வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொணர்வது தடைசெய்யப்பட்டது. உள்நாட்டு வணிகம் தடையின்றிப் பெருகியது. பருத்தி விளைந்த தென்மாநிலங்களுக்கு வர்ஜீனியா, மேரிலண்ட் முதலிய பகுதிகளிலிருந்து 1790-க்கும் 1860-க்கும் இடையில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் கட்டாயமாகப் பெயர்க்கப்பட்டனர் என்று ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். சிலர் உரிமையாளரின் குடும்பத்தோடு சென்றனர். அவர்களைத் தேட அக்குடும்பம் குடிபெயர்ந்த பாதையைப் பின்பற்றினால் போதும். பலர் வணிகரிடம் விற்கப்பட்டுச் சங்கிலியில் பிணைக்கப்பட்டு நடந்தனர். அவர்களின் சுவடு விற்பனைப் பத்திரத்தோடு மறைந்துவிடுகிறது. கடல்வழியே நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பப்பட்டோர் மட்டும் ஓரளவு விதிவிலக்கு. 1807-இல் இயற்றப்பட்ட தடைச் சட்டம், கடற்கரையோரக் கப்பல்கள் தாம் ஏற்றிய அடிமைகளின் பெயர், வயது, பால், உயரம் ஆகியவற்றைப் பட்டியலிட வேண்டும் என்று கட்டளையிட்டது.

கவுண்டி என்னும் சொல்லுக்கு மாற்றாகப் பாரிஷ் என வழங்கும் லூசியானாவில், க்வென்டலின் மிட்லோ ஹால் என்னும் வரலாற்றாசிரியர் பிரெஞ்சு, ஸ்பானிய ஏடுகளிலிருந்து ஏறத்தாழ 1 இலட்சம் அடிமைகளின் விவரங்களைத் திரட்டி 2000-இல் வெளியிட்டார். ஆங்கிலேய ஏடுகளில் அரிதாகவே காணப்படும் ஆப்பிரிக்க இனப்பெயர்கள் அவற்றில் பல இடங்களில் பதிவாகியுள்ளன.

ஒரு புகழ்பெற்ற வம்சமும் அதன் முறிவும்

இத்துறையில் அலெக்ஸ் ஹேலியின் பெயரைத் தவிர்க்க இயலாது. 1976-இல் வெளியான அவரது ‘வேர்கள்’ நூலும், 1977-இல் ஒளிபரப்பான தொலைக்காட்சித் தொடரும் கோடிக்கணக்கானோரைத் தம் முன்னோரைத் தேடத் தூண்டின. காம்பியாவின் ஜுஃபுரே கிராமத்தைச் சேர்ந்த குன்டா கின்டே என்னும் மன்டிங்கா முஸ்லிம் இளைஞர், ‘லார்ட் லிகோனியர்’ என்னும் கப்பலில் 1767 செப்டம்பர் 29-இல் அனாபொலிஸ் துறைமுகம் வந்து, வர்ஜீனியாவின் ஸ்பாட்சில்வேனியா கவுண்டியில் வாலர் குடும்பத்தில் டோபி என்னும் பெயரால் அடிமையானார் என்பது அவர் கட்டிய வரலாறு. டோபி என்னும் பெயரைத் தாங்கிய 1768-ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்று அதற்குச் சான்றாக நின்றது.

1977-இல் மார்க் ஆட்டவே என்னும் இதழாளர், ஜுஃபுரேயில் ஹேலிக்குக் கதை சொன்னவர் முறையாகப் பயின்ற கிரியோ அல்லர் என்று எழுதினார். 1981-இல் கேரி மில்ஸ், எலிசபெத் ஷோன் மில்ஸ் தம்பதியர் வர்ஜீனியாவின் ஏடுகளையே மீண்டும் புரட்டினர். அந்தக் கப்பல் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே வாலர் குடும்ப ஆவணங்களில் டோபி இருந்தார். 1782-ஆம் ஆண்டு வரிப்பட்டியலில் அவர் பெயர் இல்லை. நூலின்படி அவருடைய மகள் கிஸ்ஸி பிறந்ததோ 1790-இல். ஆக, டோபி குன்டா கின்டேயாக இருந்திருக்க முடியாது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர்.

ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இந்தச் சோதனை புதிதன்று. ஒரு ராவி, தான் யாரிடமிருந்து கேட்டதாகக் கூறுகிறாரோ அவரைக் காலத்தால் அடைந்திருக்க முடியுமா என்பதை முஹத்திஸ்கள் பிறப்பு, இறப்பு ஆண்டுகளைக் கொண்டே நிறுத்துப் பார்த்தனர். ஸனதில் ஒரு கண்ணி அறுந்திருந்தால், செய்தி எவ்வளவு உள்ளத்தைத் தொட்டாலும் அந்தத் தொடர் முன்கதிஃ ஆகிவிடும். ஹேலியின் தொடரில் அறுந்தது 1767-ஆம் ஆண்டின் கண்ணி. ஒரு பத்திரத்தைக் கண்டு மகிழ்ந்து, அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஏடுகளைக் கேளாமல் விட்டதன் விளைவு அது. அடிமைத்தனத்தின் கொடுமை குறித்து அந்நூல் கூறியது இதனால் பொய்யாகிவிடாது. ஆனால் அது ஒரு குடும்பத்தின் நிறுவப்பட்ட வரலாறு என்ற தகுதியை இழந்தது.

உறுதிப்பட்ட பெயர்கள்

ஹேலியின் தொடர் முறிந்ததைக் கொண்டு, அமெரிக்க அடிமைகளில் முஸ்லிம்கள் இருந்தனர் என்பதையே ஐயுறுவது தவறு. ஆவணம் உறுதிப்படுத்தும் பெயர்கள் உண்டு. பொன்டு நாட்டைச் சேர்ந்த அய்யூப் இப்னு சுலைமான் ஜாலோ மேரிலண்டில் விற்கப்பட்டுத் தப்பியோடி, 1731-இல் டெலவேர் வளைகுடாவை அடுத்த கென்ட் கவுண்டிச் சிறையில் அடைக்கப்பட்டார். தம் தந்தைக்கு அவர் அரபியில் எழுதிய மடல் அவர் யார் என்பதை வெளிப்படுத்தியது. 1733-இல் லண்டன் சென்று, 1734-இல் ஆப்பிரிக்கா திரும்பினார். உமர் இப்னு ஸயீத் 1810-இல் வட கரோலினாவின் ஃபயெட்வில் சிறையில் சுவரில் அரபியில் எழுதினார். 1831-இல் அவர் அரபியில் எழுதிய தன்வரலாறு 2017 முதல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் உள்ளது.

கவுண்டி ஏடுகளின் பயனை முழுமையாகக் காட்டுபவர் யாரோ மாமூத். தமிழ்ச் செவிக்கு ‘யாரோ’ என்று ஒலிக்கும் இப்பெயருடையவர், பத்திரங்களின் துணையால் யாரோ ஒருவராகப் போய்விடவில்லை. 1752-இல் மேரிலண்டுக்குக் கொணரப்பட்ட ஃபுலானி முஸ்லிம் இவர். 1796-இல் விடுதலை பெற்று, 1800-இல் ஜார்ஜ்டவுனில் மனை வாங்கினார். வங்கிப் பங்குகளும் வைத்திருந்தார். 1819-இல் சார்லஸ் வில்சன் பீல் இவரை ஓவியமாகத் தீட்டினார். அப்போது இவருக்கு வயது 140 என்று ஊரார் கூறினர். ஜேம்ஸ் ஜான்ஸ்டன் என்னும் வழக்கறிஞர் பத்திரம், உயில், சொத்துப் பட்டியல் ஆகியவற்றை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட நூலின்படி, இவர் வயது எண்பதைச் சிறிதே கடந்திருந்தது. இவருடைய மகன் அக்விலா மேரிலண்டின் வாஷிங்டன் கவுண்டியில் குடியேறினார். மருமகள் பாலியின் பெயரால் அங்கு யாரோஸ்பர்க் என்னும் சிற்றூர் இன்றும் உள்ளது. 1823-இல் யாரோ மாமூத் இறந்தபோது, வழக்கமாகத் தாம் தொழுத தோட்டத்து மூலையிலேயே அடக்கம் செய்யப்பட்டார் என்று பீல் குறித்துள்ளார்.

வாய்மொழி எப்போதும் தோற்பதில்லை என்பதற்கு ஜார்ஜியாவின் மெக்கின்டாஷ் கவுண்டியில் உள்ள சபேலோ தீவு சான்று. அங்கு அடிமையாக வாழ்ந்த பிலாலி முஹம்மது, மாலிகி மத்ஹபின் ‘ரிஸாலா’வை அடியொற்றிய அரபுக் கையெழுத்துப் படி ஒன்றை விட்டுச் சென்றார். அவரும் மனைவியும் பாய்விரித்துத் தொழுததையும் மணிமாலை உருட்டியதையும் அவர்தம் வழித்தோன்றல்கள் 1930-களில் நினைவுகூர்ந்தனர். நினைவும் கையெழுத்துப் படியும் தனித்தனியே வந்து ஒரே மனிதரைச் சுட்டுகின்றன. ஒன்றையொன்று அறியாத இரு வழிகள் ஒத்துரைக்கும்போது செய்தி வலுப்பெறுகிறது.

முன்னோர் குறித்த குடும்பக் கதை ஒரு தொடக்கம். அதைப் போற்ற வேண்டும். அதே வேளை, ஆண்டும் ஊரும் இட்டு ஏட்டோடு ஒப்பிடவும் வேண்டும். ஏட்டையும் அப்படியே நம்புவதற்கில்லை. அது உரிமையாளரின் தேவைக்காக உரிமையாளரின் எழுத்தர் எழுதியது. அதில் தாயின் கண்ணீர் இல்லை. தந்தையின் மார்க்கம் இல்லை. ஆயினும், மனிதனை விலையிட்டு எழுதிய அதே வரியில்தான் அவன் பெயரும் நிற்கிறது. விலையை எழுதியவர் அப்பெயரைக் காக்க எண்ணியவர் அல்லர். அதைப் படித்தெடுத்து மனிதனிடம் திருப்பிச் சேர்ப்பது வழித்தோன்றல்களின் கடமையாயிற்று. அக்கடமையை உண்மையோடு செய்ய வேண்டுமெனில், அழகான பொய்க் கண்ணியால் தொடரை முடிப்பதைவிட, ‘இதற்கு மேல் சான்று இல்லை’ என்று எழுதி நிறுத்துவதே அந்த முன்னோர்க்குச் செய்யும் மரியாதை.