ஓனா மடத்திலிருந்து திருப்பதி வரை

திருப்பதி மலைக்கு அலிபிரியில் படியேறத் தொடங்கும் கூட்டம் 'கோவிந்தா' என்று முழங்கும்போது, காது கேளாத பக்தர் அதை அருகில் நிற்பவரின் முகத்தில் பார்த்துவிட முடியும். உதடு குவிகிறது, கீழுதடு மேற்பல்லைத் தொடுகிறது, வாய் திறக்கிறது. மிச்சத்தைச் சூழல் சொல்லிவிடும். உதட்டசைவைப் படிக்கும் இந்தக் கலையை ஒரு பாடமாகவே கற்பிக்கத் தொடங்கிய கதை, ஸ்பெயினின் பிரபுக் குடும்பம் ஒன்றிலிருந்து புறப்படுகிறது.

16ஆம் நூற்றாண்டில் வெலாஸ்கோ என்ற அந்தக் குடும்பத்தில் காது கேளாத பிள்ளைகள் இருந்தார்கள். பேச்சு வராதவருக்குச் சட்டம் பல உரிமைகளை மறுத்த காலம் அது. ஓனா மடத்துத் துறவி பெத்ரோ போன்ஸே அவர்களை எழுதவும் பேசவும் பழக்கினார். பின்னாளில் அதே குடும்பத்துச் சிறுவன் லூயிஸுக்கு ஆசிரியராக வந்த ரமிரெஸ் தே கரியோன், தன் வித்தையை ரகசியமாகவே வைத்திருந்தார். அந்த வீட்டில் செயலராக இருந்த ஹுவான் பாப்லோ பொனெத் சும்மா இருக்கவில்லை. காது கேளாதோருக்குப் பேச்சு கற்பிக்கும் நூலை 1620இல் மாட்ரிட்டில் அச்சிட்டுவிட்டார்.

1623இல் இங்கிலாந்து இளவரசர் சார்லஸ் பெண் கேட்டு மாட்ரிட் போனார். கல்யாணம் கூடிவரவில்லை. ஆனால் உடனிருந்த கெனெல்ம் டிக்பி, பிறர் பேசுவதைக் கண்ணாலேயே அறிந்து பதில் சொல்லும் லூயிஸைக் கண்டு வியந்து, 1644இல் தன் நூலில் எழுதினார். பிறகு இங்கிலாந்திலும் ஆசிரியர்கள் கிளம்பினார்கள். ஒரே மாணவனைப் பேசவைத்த பெருமை யாருக்கு என்று ஜான் வாலிஸும் வில்லியம் ஹோல்டரும் மோதிக்கொண்டார்கள்.

ரகசியம் காக்கும் வழக்கமும் கூடவே வந்தது. 1760இல் எடின்பரோவில் காது கேளாதோர் பள்ளி தொடங்கிய பிரெய்ட்வுட்டின் குடும்பம், தன் முறையை எளிதில் வெளியே விடவில்லை. 1815இல் கற்க வந்த அமெரிக்கர் தாமஸ் காலடெட் பாரிஸுக்குப் போய், அங்கிருந்து காது கேளாத ஆசிரியர் லோராங் கிளேரை அமெரிக்காவுக்கு அழைத்துப் போனார். அமெரிக்கச் சைகைமொழியில் பிரெஞ்சு வேர் ஊன்றியது இப்படித்தான்.

1880இல் மிலானில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, வாய்ப்பேச்சே சிறந்தது என்று தீர்மானித்தது. பல நாட்டு வகுப்பறைகளிலிருந்து சைகை வெளியேற்றப்பட்டது. அந்த ஆண்டுகளில்தான் பம்பாயிலும் கல்கத்தாவிலும் பாளையங்கோட்டையிலும் காது கேளாதோர் பள்ளிகள் முளைத்தன. சென்னையில் 1969இல் தொடங்கிய பால வித்யாலயா, மழலைகளைத் தாய்மாரோடு சேர்த்துப் பயிற்றுவிக்கிறது. திருப்பதியில் தேவஸ்தானம் காது கேளாதோர் பள்ளி நடத்துவதோடு, 'ஸ்ரவணம்' திட்டத்தில் குழந்தைகளையும் தாய்மாரையும் ஒன்றாகவே அமர்த்துகிறது.

ஆனாலும் உதடு எல்லாவற்றையும் காட்டுவதில்லை. பகரமும் மகரமும் இதழ் கூடிப் பிறப்பவை என்று தொல்காப்பியத்தின் பிறப்பியலே வகுத்திருக்கிறது. அதனால் 'படம்', 'மடம்' இரண்டும் கண்ணுக்கு ஒன்றே. 'புலி'யையும் 'புளி'யையும் பிரிப்பது வாய்க்குள் மறையும் நாக்கு. இந்த இடைவெளியைச் சைகையும் எழுத்தும் நிரப்ப வேண்டும். சைகையைத் தடுத்த மிலான் தீர்மானங்களுக்காக 2010இல் வான்கூவரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு வருத்தம் தெரிவித்தது.

ரகசியமாகப் பூட்டப்பட்டும் கட்டாயமாகத் திணிக்கப்பட்டும் வந்த இந்தக் கலை, கற்பவர் விரும்பி எடுத்துக்கொள்ளும் கருவியாக இருக்க வேண்டும். அதில் பாதி வேலை பேசுகிறவருடையது: வெளிச்சத்தில் நின்று, முகம் பார்த்து, வாயை மறைக்காமல், இயல்பான வேகத்தில் பேசுவோம். புரியவில்லை என்றால் அதையே உரக்கச் சொல்லாமல் வேறு சொற்களில் சொல்வோம்.