மலைப்புன்னையும் கடற்பாயும்: பாக் விரிகுடாச் சிறுகலங்களின் பாய்க்கட்டு

தமிழரின் கடலோட்டம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பெருங்கலங்களையே நோக்கி நிற்கின்றன. நாவாயும் வங்கமும் சோழர் கடற்படையும் பேசப்பட்ட அளவிற்கு, ஐந்தாறு பேர் ஏறிச்செல்லும் சிறுகலம் பேசப்பட்டதில்லை. அக்கலத்தில் பாயை எவ்வாறு கட்டினர், காற்று வலுத்தபோது எதனைக் கழற்றினர், கலம் சாயாமல் எவ்வாறு காத்தனர் என்னும் வினாக்கள் தொழில்நுட்பம் சார்ந்தவை என்று ஒதுக்கப்பட்டுவிட்டன. பாக் விரிகுடாவின் வத்தை என்னும் கலம் இவ்வகையில் நோக்கத்தக்கது. அதன் பாய்க்கட்டை வறுமையின் விளைவு என்றோ தேங்கிப்போன பழமை என்றோ கொள்ளுதல் பொருந்தாது. ஆழமற்ற கடலுக்கென ஆய்ந்து தேர்ந்த தீர்வு அது என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். அத்தேர்வின் நுட்பம் மீன்பிடிப்பில் வெளிப்படுவதைவிடப் பந்தயத்தில் தெளிவாக வெளிப்படுகின்றது.

மரம் தந்த மலை

கடலை ஆராய்வதற்கு முன் மலைக்குச் செல்ல வேண்டியுள்ளது. இன்றைய பாலக்காடு, இடுக்கி மாவட்டங்கள் தமிழகத்தைத் தொடும் எல்லையில் ஆனைமலைத் தொடர் நிற்கின்றது. பறம்பிக்குளம், தூணக்கடவு முதலிய இடங்களைக் கொண்ட அதன் தேக்குக் காடுகள் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே கப்பல்துறையின் கண்ணில் பட்டுவிட்டன. கொல்லங்கோட்டு நம்பிடியிடமிருந்து காடுகளைக் குத்தகைக்குப் பெற்று, பம்பாய்க் கப்பல்கட்டும் துறைக்காக ஆங்கிலேயர் மரம் வெட்டினர். யானைகள் இழுத்துவந்த மரங்கள் மலைச்சரிவில் உருட்டப்பட்டு மேற்குக் கடற்கரையை அடைந்தன. பிற்காலத்தில் கொச்சி அரசு பறம்பிக்குளம் காட்டு மரங்களைச் சாலக்குடிக்குக் கொண்டுசெல்ல அமைத்த நீராவி டிராம்வே 1907 முதல் 1963 வரை இயங்கியது.

தேக்கு கலத்தின் உடலுக்குரியது. பாய்மரத்திற்கோ நீளமும் நேர்மையும் வளைந்து நிமிரும் தன்மையும் ஒருங்கே வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் வளரும் மலைப்புன்னை இவற்றை நிறைவு செய்தது. மேற்குக் கரைத் துறைகளில் ‘பூன்’ என்னும் பெயரால் பாய்மரத்திற்கென்றே அது விற்கப்பட்டது. ‘புன்னை’ என்பதன் கன்னட, மலையாள வடிவங்களின் சிதைவே இப்பெயர். இங்கு ஒரு நயம் உண்டு. சங்கப் பாடல்களில் புன்னை நெய்தலின் மரம். பாக்கத்து மணலில் நிழல் தருவது, தலைவி தோழியுடன் நிற்கும் இடம். ஆயின் கடற்கரைப் புன்னை கோணி வளர்வது. அதனின்று நெடும் பாய்மரம் செதுக்குவது அரிது. அதன் விதையெண்ணெய்தான் கலத்திற்கு உதவும். நெய்தலின் கூம்பாக நிற்கத் தகுந்தது குறிஞ்சியில் வளர்ந்த அதன் உடன்பிறப்பே. திணைமயக்கத்தை இலக்கணத்தில் மட்டும் தேடுவோர் மரவணிகத்தையும் சற்று நோக்கலாம்.

பாக் விரிகுடாவிற்கும் மலையாள நாட்டிற்கும் இருந்த மரத்தொடர்பு பெருங்கப்பல்களோடு முடிந்துவிடவில்லை. ஒற்றை மரத்தைக் குடைந்த வள்ளங்கள் மலபார்க் கரையில் செய்யப்பட்டுத் தமிழகக் கரைக்கும் இலங்கைக்கும் அனுப்பப்பட்டன.

இலக்கியச் சான்று

கடலோட்டம் பற்றிப் பேசுவோர் முதலில் எடுத்துக்காட்டுவது வெண்ணிக்குயத்தியார் பாடிய புறநானூற்று 66ஆம் பாடல். கரிகாலனின் முன்னோன் காற்றை ஏவல்கொண்டதாக அது கூறுகின்றது. அப்பாடலின்மீது ஏற்றப்பட்ட முடிவுகள் அது தாங்கக்கூடியதைவிட மிகுதி. பாய்க்கட்டை அறிய விரும்புவோர்க்கு 30ஆம் பாடலே பெரும்பயன் தருவது. கூம்பையும் மீப்பாயையும் களையாமல், மேலேற்றிய பாரத்தையும் குறைக்காமல் பெருங்கலம் ஆற்றுமுகத்தில் புகுந்ததை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் வியந்து கூறுகின்றார். வியப்பிற்குரியது இதுவெனில் வழக்கமானது இதற்கு மாறானதாதல் வேண்டும். ஆழம் குறைந்த முகத்துவாரத்தை அடையும் முன் பாயை இறக்குவதும் கூம்பைக் கழற்றுவதும் சுமையைக் குறைப்பதும் அன்றைய நடைமுறை என்பது இதனாற் பெறப்படும்.

மதுரைக்காஞ்சி மற்றொரு சான்று. கட்டுமீறிய யானைக்குப் புயலில் அகப்பட்ட நாவாயை உவமை கூறும் இடத்தில், இறுகக் கட்டிய கயிறு அறுதலும் ‘இதை’ எனப்படும் பாய் தாக்குண்டு கெடுதலும் கூம்பு அடியோடு முறிதலும் அடுத்தடுத்து வருகின்றன. கடலறிந்தவர் இவ்வரிசையை மறுக்கமாட்டார். கூம்பைப் பக்கங்களில் இழுத்துப் பிடிக்கும் கயிறு போனபின் கூம்பு நெடுநேரம் நிற்பதில்லை. மணிமேகலையிலும் இவ்வுவமை ஏறத்தாழ இவ்வாறே வருவதால், இது புலவர்களிடையே வழிவழி வந்த செய்தியாகவும் இருக்கலாம். அவ்வாறாயினும் அதன் மூலம் கடற்கரையில் கண்டதே எனல் தகும்.

வத்தையின் பாயும் பலகையும்

பாக் விரிகுடா ஆழமற்றது. பல இடங்களில் கரையிலிருந்து நெடுந்தொலைவு வரை இடுப்பளவு நீரே உள்ளது. காற்றை எதிர்த்து ஓடும் கலத்திற்குப் பொதுவாக நீருள் ஆழ்ந்த அடிப்பகுதி வேண்டும். அது இல்லையெனில் கலம் முன்னோக்கிச் செல்லாமல் காற்றின் போக்கில் பக்கவாட்டில் நழுவும். ஆழ்ந்த அடியுடைய கலமோ இக்கடலில் தரைதட்டும். ஒரு தேவையை நிறைவு செய்தால் மற்றொன்று கெடும் இந்நிலையே வத்தையின் அமைப்பை உருவாக்கியது.

சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னல் இந்தியப் படகுகளின் தோற்றம் பற்றிய தம் ஆய்வை 1920இல் வங்காள ஆசியக் கழகத்தின் வாயிலாக வெளியிட்டார். அதிராம்பட்டினம், கோடிக்கரைப் பகுதிக் கலங்களில் அவர் கண்டவற்றுள் குறிப்பிடத்தக்கது சமன்பலகை. கலத்தின் குறுக்கே நீண்ட பலகையொன்று கட்டப்படும். அதன் ஒரு முனை காற்று வரும் பக்கம் கடலுக்குமேல் நீட்டி நிற்கும். பாயின்மேல் காற்று அழுத்திக் கலத்தைச் சாய்க்கும்போது ஆட்கள் அப்பலகையில் ஏறி வெளியே அமர்வர். காற்று கூடினால் ஒருவர்க்கு இருவராவர். குறைந்தால் உள்ளே நகர்வர். கல்லையும் மணலையும் கலத்தின் அடியில் ஏற்றிச் சுமந்து திரிவதற்கு மாறாக, எடையைத் தேவைப்படும் நொடியில் தேவைப்படும் தொலைவில் வைக்கும் முறை இது. அடி ஆழமின்மைக்கு ஈடாகப் பக்கவாட்டில் நீருள் இறக்கும் பலகையும் பயன்பட்டது.

பாய்த்தேர்விலும் இச்சிந்தனையே காணப்படுகின்றது. ஒரே உயர்ந்த கூம்பில் ஒரு பெரும்பாயை ஏற்றினால் காற்றின் அழுத்தம் உயரத்தில் விழுந்து கலத்தை எளிதில் கவிழ்க்கும். அதே பரப்பை இரண்டு, மூன்று தாழ்ந்த கூம்புகளுக்குப் பகிர்ந்தால் அழுத்தம் தாழ்வில் நிற்கும். புயற்குறி தோன்றினால் ஒரு பாயை முழுதும் இறக்கிவிட்டு எஞ்சியவற்றால் ஓடலாம். பாயைச் சுருக்கிக் கட்டும் வேலை குறையும். கூம்புகள் மிகுந்தால் கயிறுகளும் மிகும், ஆட்களும் வேண்டும் என்பது இதற்குரிய விலை. திரும்பும்போது இவ்விலை மேலும் ஏறும். காற்று இடப்புறத்திலிருந்து வலப்புறம் மாறுமாறு கலத்தைத் திருப்புகையில் பாயைத் தாங்கும் பருமலை மாற்ற வேண்டும். சமன்பலகையை மறுபக்கம் இழுக்க வேண்டும். அமர்ந்திருப்போர் இடம்மாற வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே நிகழாவிடில் கலம் கவிழும், அல்லது வேகமிழந்து நிற்கும். மீன்பிடிக்கச் செல்வோர் திருப்பங்களைக் குறைத்து நீண்ட ஓட்டமாக ஓடிவிடலாம். பந்தயத்திலோ எல்லைக்குறியைச் சுற்றியே ஆகவேண்டும். ஆதலின் கலத்தின் குறைநிறைகள் அங்கே மறைவதில்லை.

பிறநாட்டு ஒப்புமை

சமன்பலகைக்கு ஒப்பானவை பிற இடங்களிலும் தோன்றியுள்ளன. 1880களில் அமெரிக்கக் கேனூப் பந்தயங்களில் இருபுறமும் நகரும் இருக்கைப் பலகை புகுந்தது. 1938இல் இங்கிலாந்தில் பீட்டர் ஸ்காட்டும் ஜான் விண்டரும் கூம்பின் மேற்பகுதியிலிருந்து தொங்கும் கம்பியில் உடலைப் பிணைத்துக் கலத்திற்கு வெளியே சாயும் டிரப்பீஸ் முறையால் வேல்ஸ் இளவரசர் கோப்பையை வென்றனர். அம்முறை உடனே தடைசெய்யப்பட்டுப் பல்லாண்டுகளுக்குப் பின்னரே ஏற்கப்பட்டது. இவற்றுள் ஒன்று மற்றொன்றினின்று பிறந்தது என்று கூறச் சான்றில்லை. அவ்வாறு கூறிப் பெருமைகொள்ளும் தேவையும் இல்லை. ஒரே சிக்கல் ஒரே வகை விடையைத் தந்தது என்பதே போதும். எனினும் ஒன்று ‘விளையாட்டு நுட்பம்’ என்றும் மற்றொன்று ‘பழங்குடி வழக்கம்’ என்றும் நூல்களில் வேறுவேறு இயல்களில் வைக்கப்படுவது ஆராயத்தக்கது.

சென்னையில் இவ்விளையாட்டு நுட்பத்திற்கும் ஒரு நூற்றாண்டைக் கடந்த வரலாறு உண்டு. துறைமுகக் கழகத் தலைவராயிருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் முயற்சியால் 1911இல் சென்னையில் பாய்ப்படகுக் கழகம் தொடங்கப்பட்டது. டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகள் 2021இல் நடைபெற்றபோது சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் லேசர் ரேடியல் வகையிலும், கணபதி, வருண் தக்கர் இருவரும் 49ஈஆர் வகையிலும் போட்டியிட்டனர். லேசர் படகின் உடல் ஒன்றே. கூம்பின் கீழ்த்துண்டையும் பாயையும் மாற்றி 7.06, 5.76, 4.7 சதுர மீட்டர் என மூன்று அளவுகளில் ஓட்டலாம். ஓட்டுபவரின் எடைக்கேற்பப் பாய் தேர்ந்தெடுக்கப்படுகின்றது. வத்தையில் பாய்க்கேற்ப ஆள் வெளியே நகர்கிறார். லேசரில் ஆளுக்கேற்பப் பாய் குறைகின்றது. 49ஈஆர் படகோ இருபுறமும் சிறகு நீட்டி, இருவரையும் கம்பியில் தொங்கவிடுகின்றது. கோடிக்கரை மீனவர் அதைக் கண்டால் கேட்கவேண்டிய வினாக்கள் மிகச் சிலவாகவே இருக்கும்.

சொல் வழக்கு

1950களில் தொடங்கிய இயந்திரமயமும் பின்னர்ச் சிறுபடகுகளுக்கும் வந்த வெளிப்பொருத்து இயந்திரங்களும் பாயின் தேவையைப் பெரிதும் நீக்கின. பாயோடு சொற்களும் கரையேறின. பாயை உயர்த்தும் கயிறு ஆஞ்சான், பாயைத் தாங்கும் குறுக்குமரம் பருமல், பாயின் மூலைகளை இழுத்துக் கட்டும் கயிறுகள் கோசு, தாமான் என்பன சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியில் இடம்பெற்றுள்ளன. ஆயின் அகராதிப் பொருள் ஒரு கயிற்றை அடையாளம் காட்டுமேயன்றி, அதை எப்போது தளர்த்துவது என்று கூறாது. ஓலைச்சுவடியிலிருந்து பதிப்பிக்கப்பட்ட ‘கப்பல் சாத்திரம்’ மரத்தின் இலக்கணத்தையும் நாள்கோள் பலன்களையும் விரித்துரைக்கும் அளவிற்குப் பாய்கையாளுதலை விரித்துரைக்கவில்லை. எழுத அறிந்தோர் கயிறு பிடித்ததில்லை. கயிறு பிடித்தோரை எழுதச் சொன்னவர் எவருமில்லை.

இராமநாதபுரம் மாவட்டம் தொண்டியை அடுத்த கடற்கரை ஊர்களில் கோயில் விழாவையும் பொங்கலையும் ஒட்டிப் பாய்மரப் படகுப் போட்டிகள் நடத்தப்படுகின்றன. பிற நாள்களில் இயந்திரத்தால் ஓடுவோர் அன்று மட்டும் பாய் ஏற்றுகின்றனர். பழைய பருத்திப் பாயின் இடத்தைச் செயற்கை இழைத்துணி பிடித்துக்கொண்டது, கயிறும் தென்னைநாரன்று. காற்று மாறவில்லை; கடலின் ஆழமும் பெரிதாக மாறவில்லை. எல்லைக்குறியைச் சுற்றும் அந்தச் சில நொடிகளில் ஓட்டி ஒருவர் மற்றவர்க்கு இடும் ஏவற்சொற்களே இன்று எஞ்சியுள்ள மூலச்சான்று. அவற்றுள் எவை அகராதியின் கோசுக்கும் தாமானுக்கும் ஒத்தவை, எவை வேறானவை என்பதைக் கரையில் அமர்ந்து கேட்டறிய இயலாது. ஆய்வாளர்க்குப் படகில் ஓரிடம் வேண்டும். காற்று வலுத்தால் அவரும் வெளியே சாய்ந்து அமர வேண்டியிருக்கும்.