சங்கமும் மனச்சான்றும்

சங்கம் என்னும் சொல் தமிழர் செவிக்குப் புதிதன்று. ஆய்ந்து ஏற்பதும், குற்றங்கண்டு திருத்துவதும் சங்கத்தின் பணி எனக் கேட்டு வளர்ந்தவர் நாம். சங்கமே குற்றம் இழைத்தால் திருத்துவது யார்? மானிடவியலின் வரலாறு இவ்வினாவுக்கு விடை கூறுகின்றது.

மனிதரின் உடலமைப்பு, மொழி, வழக்கங்கள், பண்டை வாழ்வு ஆகியவற்றை ஒருங்கே ஆராய்வது மானிடவியல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் அருங்காட்சியகத்தாரும் ஆர்வலருமே இதனைப் பெரிதும் பேணி வந்தனர். 1902-இல் தோன்றிய அமெரிக்க மானிடவியல் சங்கம், சிதறிக் கிடந்த அவர்களை ஒருங்கு திரட்டியது. வாஷிங்டன் நகரச் சங்கம் 1888-இல் தொடங்கிய 'அமெரிக்கன் ஆந்த்ரபாலஜிஸ்ட்' இதழ் நாடு தழுவிய அச்சங்கத்தின் ஏடாயிற்று. நாளடைவில், பல்கலைக்கழகத்தில் முறையாகப் பயின்றோரின் துறையாக மானிடவியல் உயர்ந்தது.

இவ்வுயர்வுக்கு முன்னின்று உழைத்தவர் பிரான்ஸ் போவாஸ். ஜெர்மனியில் பிறந்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கியவர். இனத்தால் உயர்வு தாழ்வு கற்பிப்பதை மறுத்தவர். அச்சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர்.

அவரையே சங்கம் கண்டித்தது என்பது வியப்பன்றோ! முதல் உலகப்போரின்போது ஆய்வாளர் நால்வர், ஆராய்ச்சியைப் போர்வையாக்கி உளவு பார்த்தனர் என்று, எவர் பெயரையும் சுட்டாமல், 1919 டிசம்பரில் 'தி நேஷன்' இதழில் அவர் எழுதினார். அம்மாத இறுதியிலேயே கூடிய சங்கத்தின் அவை, 20-க்கு 10 என்னும் வாக்குகளால் அவரைக் கண்டித்து, அவைப் பொறுப்பினின்றும் நீக்கியது. அவர் கூற்று ஆதாரமற்றதன்று என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

ஏடும் எழுதுகோலும் ஏந்தி வரும் அயலாரை நம்பித் தம் இல்லத்தையும் உள்ளத்தையும் திறந்து காட்டுவோர் எளிய மக்கள். அந்நம்பிக்கை பொய்த்தால் இத்துறைக்கு வாழ்வேது? வியட்நாம் போர்க்காலத்தில் இதே வினா மீண்டும் எழுந்தது. 1971-இல் சங்கம் ஒழுக்க நெறிகளை வகுத்தது. ஆராயப்படும் மக்கள்பால் உள்ள கடமையே தலையாயது என்றும், மறைமுக ஆய்வு தகாது என்றும் அவை கூறின. போவாஸ் 1942-இல் மறைந்தார். அவர் மீதான கண்டனமோ 2005-இல்தான் உறுப்பினர் வாக்கால் விலக்கப்பெற்றது.

கோப்புகளிடையே நாள் கழிக்கும் நாம் அறிவோம்: தீர்மானம் நிறைவேற்றுதல் எளிது, அது தவறென ஒப்பி நீக்குதல் அரிது. எண்பத்தாறு ஆண்டுகள் கழிந்தேனும் அவ்வரிய செயலைச் செய்தது அச்சங்கம். பிறந்த மண்ணைவிட்டு வந்து, இங்குச் சங்கம் அமைத்து வாழும் நாமும், நம் கூட்டங்களில் தனித்தொலிக்கும் குரலுக்குச் செவிசாய்ப்போமாக.