தொழிலாளர் உரிமை வரலாற்றில் அண்ணல் அம்பேத்கர்

அண்ணல் அம்பேத்கர் என்றவுடன் அரசியல் சட்டத்தையும் இட ஒதுக்கீட்டையும் நினைவுகூரும் நம் இளைஞர்கள், அவர் நான்காண்டுக் காலம் இந்நாட்டின் தொழிலாளர் துறைக்குப் பொறுப்பேற்றிருந்தார் என்பதை அவ்வளவாக அறிந்தாரில்லை. நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அவ்வரலாற்றைச் சிறிது எடுத்துரைக்க விரும்புகிறோம்.

பம்பாய்ப் பஞ்சாலைகளிலிருந்து தொடங்குவோம். தீண்டப்படாதார் எனப்பட்ட நம் மக்கள் அங்கே நூற்புப் பகுதியில் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். கூலி மிகுந்த நெசவுப் பகுதியின் கதவோ அடைத்தே கிடந்தது. காரணம் விந்தையானது. தறியில் ஓடும் நாடாவில் நூல் தீர்ந்துவிட்டால், புது நூலின் நுனியை அதன் துளை வழியே வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். ஒருவர் வாய் பட்ட நாடாவை மற்றவரும் வாயில் வைக்க நேரும். ஆகவே தீட்டு! சீமையிலிருந்து வந்த இயந்திரத்திலும் சாதி ஏறி அமர்ந்துகொண்டது. தொழிலாளர் ஒற்றுமையைப் பேசிய சங்கத்தாரும் இதனைப் பெருங்குறையாகக் கருதினாரில்லை. 1928-ஆம் ஆண்டின் நெடிய வேலைநிறுத்தத்தின்போது, எல்லாப் பகுதிகளிலும் வேலை செய்யும் உரிமை நம்மவர்க்கு வேண்டும் என்பதையும் கோரிக்கைகளில் சேர்க்குமாறு அண்ணல் வற்புறுத்தினார். தயக்கத்தோடுதான் சேர்த்தனர். இது அநீதியென்றால் அதற்கு நாங்கள் பொறுப்பல்லவே என்றனர் ஆலை முதலாளிகள். அவ்விடையில் ஓரளவு உண்மையும் இருந்ததே நமக்கு வேதனை தருவது.

1936-இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தோற்றுவித்த அண்ணல், 1938 பிப்ரவரியில் மன்மாடில் கூடிய நம் இன ரயில்வேத் தொழிலாளர் மாநாட்டில், பார்ப்பனியமும் முதலாளித்துவமும் ஆகிய இரு பகைவரையும் ஒருங்கே எதிர்க்க வேண்டுமென்றார். அவ்வாண்டு நவம்பர் 7-ஆம் நாள், வேலைநிறுத்த உரிமைக்குத் தடை விதித்த மசோதாவை எதிர்த்து, தமக்கு உடன்பாடில்லாத பொதுவுடைமையாளரோடும் சேர்ந்து ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தினார்.

1942 ஜூலையில் வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் உறுப்பினராகப் பொறுப்பேற்றார். நாகபுரி மாநாட்டில் அட்டவணை சாதியினர் சம்மேளனம் தோன்றியதும் அதே மாதத்தில்தான். அதன் தலைமையை ஏற்றவர் நம் சென்னை என். சிவராஜ்.

அந்த நவம்பரிலேயே 14 மணி நேர வேலை 8 மணியாகக் குறைந்தது என்று நம் மேடைகளில் முழங்குவோர் உண்டு. சட்டத்தின் வரலாறு வேறு. 1934-ஆம் ஆண்டுச் சட்டப்படியே ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளுக்கு வாரம் 54 மணி என்ற வரம்பு இருந்தது. அதனை 48 மணியாக்கியது 1946-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமாகும். மிகைநேர வேலைக்கு இரட்டிப்புக் கூலியும் அதிலேயே வந்தது. உள்ளதைச் சொன்னாலே அண்ணலின் பெருமை குன்றாது. போர்க்காலத்தில் நிலக்கரி வேண்டி, சுரங்கத்தினுள் பெண்கள் வேலை செய்வதற்கிருந்த தடையை 1943-இல் அரசு நீக்கியது. அதற்கு மன்றத்தில் விடை கூறும் கடமையும் அவருக்கே நேர்ந்தது. 1946 பிப்ரவரியில் அத்தடை மீண்டும் விதிக்கப்பட்டது.

நம் மக்களைப் பொறுத்தவரை, 1946 ஏப்ரலில் அவர் கொணர்ந்த குறைந்தபட்சக் கூலி மசோதாவையே நாம் முதன்மையாகக் கருதுகிறோம். ஆலைச் சட்டம் ஆலைக்குள் இருந்தோரை மட்டுமே காத்தது. வயலில் நாற்று நட்டவளுக்கும், நகரசபையின் தெருக்களைக் கூட்டியவருக்கும் அதில் இடமேது? அம்மசோதா 1948-இல் சட்டமானபோது, அதன் அட்டவணையில் விவசாய வேலையும் உள்ளாட்சி மன்றங்களின் வேலையும் இடம்பெற்றன. பஞ்சாயத்தார் மனம் வைத்தாலன்றிக் கூலி உயராது என்றிருந்தோர்க்கு, கூலி என்பது அரசு நிர்ணயிக்க வேண்டிய ஒன்றாயிற்று.

ஏட்டில் எழுதியது வரப்புக்கு வருவது எளிதாயிருக்கவில்லை. அச்சட்டம் பிறந்து இருபதாண்டுகள் கழிந்த பின்னர், கீழைத் தஞ்சையின் வெண்மணியில், கூலி நெல்லை உயர்த்திக் கேட்ட நம் உழைப்பாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமாக, 1968 டிசம்பர் 25 இரவு ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். தமிழ்நாடு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் அதற்குப் பின்னர், 1969-இல் வந்தது.