பாட்டுக்கு எழுதிவைத்த சொத்து

ஏரல் சார்பதிவாளர் அலுவலகத்தை ஒட்டி உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறவன் நான். கிரையம், பாகப்பிரிவினை, தான செட்டில்மெண்ட் என்று கைக்கு ஏதாவது வந்துகொண்டே இருக்கும். உயில் அவ்வளவு வராது. அதிலும் சங்கீதத்துக்கென்று சொத்து எழுதும் உயில் மிக அபூர்வம். ஒரு காலத்தில் அது சாதாரண வழக்கமாக இருந்தது என்பதற்குச் சாட்சி பழைய பத்திரங்களின் நான்கெல்லைதான். "மேளக்காரர் மானியத்துக்கு வடக்கு" என்று எழுதியிருக்கும். போய்ப் பார்த்தால் வாழைத்தோப்பு இருக்கும், மேளக்காரர் குடும்பம் அந்த ஊரிலேயே இருக்காது.

தாமிரபரணிக் கரையில் கோயில் வாசிப்பும் பாட்டும் நின்றது நிலத்தின் மேல்தான். அதற்குக் கட்டளை என்று பெயர். இன்ன நன்செயின் விளைச்சல் இன்ன பூசைக்கு, இன்ன நாளின் மேளத்துக்கு என்று எழுதிவைப்பது. ஏரலிலிருந்து ஆற்றோடு மேலே போனால் வரும் ஆழ்வார்திருநகரியில் அரையர் சேவை இன்னும் உயிரோடிருக்கிறது. ஸ்ரீரங்கத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் விட்டால் தமிழ்நாட்டில் வேறெங்கும் இல்லாத கலை அது. தலைமுறை தலைமுறையாகப் பாசுரத்தைப் பாடி அபிநயம் பிடிக்கிற குடும்பம் சாப்பிட வேண்டுமே என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

இப்படி யோசித்ததில் எனக்குப் பெரிய ஆசான் ராஜராஜ சோழன். பத்திரம் எழுதுகிறவன் கண்ணோடு தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டைப் படித்தால் பிரமிப்பாக இருக்கும். 1014 வாக்கில் வெட்டியது. தளிச்சேரிப் பெண்டுகள் என்னும் கோயில் ஆடல் மகளிர் 400 பேரின் பெயர், அவர்கள் எந்தக் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்று ஒன்று விடாமல் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு பங்கென்றால் ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்து ஆண்டுக்கு 100 கலம் நெல். கூடவே தமிழ் பாடுகிறவர்கள், கொட்டிமத்தளம் வாசிக்கிறவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு.

நான் மறுபடி மறுபடி படிப்பது அடுத்து வரும் நிபந்தனையை. பங்குக்காரர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்று அந்த வேலையைச் செய்ய வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியான வேறொருவரைக் கொண்டு செய்விக்க வேண்டும். உறவே இல்லையென்றால் மற்றப் பங்குக்காரர்கள் கூடித் தகுதியுள்ளவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கொடுத்தவன் காலத்துக்குப் பிறகும் பாட்டு நிற்க வேண்டுமென்றால் இந்த மூன்று வாக்கியம் வேண்டும். நம் காலத்து உயில்களில் "கோயில் மேளத்துக்கு" என்று ஒரே சொல்லோடு விட்டுவிடுகிறார்கள். யார் வாசிப்பார், அவருக்குப் பின் யார் என்று எழுதுவதில்லை.

முதல் கரையக் கூடாது என்பதையும் பழையவர்கள் அறிந்திருந்தார்கள். ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு விட்டு, அதைச் சாவா மூவாப் பேராடு என்று எழுதினார்கள். செத்ததற்குப் பதில் குட்டி வந்து எண்ணிக்கை குறையாது. நெய் மட்டும் விளக்குக்குப் போகும்.

நம் நூற்றாண்டுக்குப் பக்கத்தில் இந்தத் தெளிவோடு எழுதியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசி மரபில் 1878-ல் பிறந்தவர். திருவையாற்றில் தியாகராஜர் சமாதி பாழடைந்து கிடக்கிறதென்று குரு பிடாரம் கிருஷ்ணப்பா எழுதிய கடிதம் அவரை உலுக்கியது. 1921-ல் திருப்பணி தொடங்கி 1925-ல் குடமுழுக்கு நடத்தினார். செலவெல்லாம் கச்சேரி பாடிச் சேர்த்த சொந்தப் பணம். அவர் எழுப்பிய சன்னதியில் ஆராதனையன்று பெண்கள் பாடக் கூடாதென்றார்கள் விழா நடத்திய ஆண்கள். 1927-ல் பெண்களைத் திரட்டித் தனியாகவே ஆராதனை நடத்தினார். கடைசியில் சுயார்ஜித சொத்து முழுவதையும் அறக்கட்டளைக்கு எழுதினார். தேவதாசிகள் உட்படப் பெண்களுக்கு அங்கே வழிபடவும் பாடவும் முழு உரிமை இருக்க வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை. தனக்கு மறுக்கப்பட்டதையே நிபந்தனையாக்கிய உயில் அது. 1952-ல் மறைந்தார். அவருடைய சமாதியும் தியாகராஜர் சன்னதிக்கு எதிரிலேயே இருக்கிறது.

ஊழியத்துக்கென்று விட்ட அந்த மானிய நிலங்கள் எங்கே போயின என்றும் சொல்ல வேண்டும். முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1929-ல் வந்த சட்டத்தால் தேவதாசிகளின் இனாம் நிலம் ஊழியத்திலிருந்து விடுபட்டு அந்தப் பெண்களுக்கே சொந்தமானது. அது நியாயம், முன்பே வந்திருக்க வேண்டியது. 1963-ல் இனாம் ஒழிப்புச் சட்டங்கள் வந்து மற்ற மானியங்களும் ரயத்துவாரியாயின. நிலத்தையும் பாட்டையும் கட்டியிருந்த கயிறு அறுந்தது. அதற்குப் பதில் புதிதாக ஒன்றும் கட்டப்படவில்லை. பல கோயில்களில் இன்று தீபாராதனைக்குக் கொட்டுவது மின்சார முரசு.

ஆகவேதான், ஓய்வுபெற்ற வீணை டீச்சர் ஒருவர் பக்கத்து ஊர் சபாவுக்கு உயில் எழுத வேண்டுமென்று வந்தபோது நிதானமாக உட்கார்ந்து எழுதினேன். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். இரண்டு சாட்சி கட்டாயம். பதிவு செய்வது கட்டாயமில்லை என்றாலும் செய்யச் சொன்னேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஏரலில் பெட்டியோடு பத்திரம் கூழாகிப்போய் நகல் கேட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வைப்புத்தொகையின் முதலைத் தொடக் கூடாது. வட்டியில் பாதி வருடாந்திரக் கச்சேரிக்கு, பாதி வீணை படிக்கும் ஒரு பிள்ளைக்கு. சபா கலைந்தால் பணம் எந்த இசைப்பள்ளிக்குப் போக வேண்டும் என்பதையும் சேர்த்தோம். உங்கள் தங்கச்சி பேத்தி வீணை படிக்கிறாளே, முதல் உதவி அவளுக்கென்று போடலாமா என்று கேட்டேன்.

"தகுதி இருந்தா வாங்கட்டும் அண்ணாச்சி. பேரு போடாதீங்க. வித்வான் ரெண்டு பேரு கேட்டுட்டுச் சொல்லட்டும், யாருக்குன்னு."

அதை அப்படியே எழுதிப் படித்துக் காட்டினேன். சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டார்.