மலைக்குச் சென்ற முதற் குடும்பங்கள்

மண்டைதீவில் மலை இல்லை. யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைக் கடலைக் கடந்ததும் எதிர்ப்படும் இத்தீவு, கடல்மட்டத்திலிருந்து ஒருசில மீற்றருக்கு மேல் எங்கும் உயர்வதில்லை. பனையும் கோயிற் கோபுரமுமே அங்கு உயரமானவை. வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய ஏனைய தீவுகளின் நிலையும் இதுவே. ஆயினும், இத்தீவுகளிலிருந்து புலம்பெயர்ந்த குடும்பங்கள் கோடை விடுமுறை நெருங்கும்போது திட்டமிடுவது பெரும்பாலும் மலையையும் ஏரியையும் நோக்கிய பயணமாகவே இருக்கிறது. கனடாவில் மஸ்கோக்கா ஏரிக்கரை, அல்பேர்ட்டாவின் பான்ஃப், சுவிற்சர்லாந்தின் இன்ரர்லாக்கன் என்று இடங்கள் மாறும். மரவீட்டில் எத்தனை அறைகள், முதியவர்கள் படியேற இயலுமா, இடியப்ப உரலைக் கொண்டுபோவதா விடுவதா என்னும் பேச்சுக்கள் மாறுவதில்லை.

மலையேரிக் கரையில் குடும்பத்தோடு சில வாரங்கள் தங்கும் இவ்வழக்கம் தமிழ் நிலத்தில் எங்கிருந்து தொடங்கியது? கொடைக்கானலின் கதையைப் பின்னோக்கித் தேடிச் சென்றால், நாம் வந்து சேருமிடம் யாழ்ப்பாணம். அங்கு தொடங்கியதும் உல்லாசத்தினால் அன்று, மரண பயத்தினால்.

அமெரிக்க மிஷனரிமார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் நிலைகொண்டனர். முதலில் வந்தவர்களுள் எட்வேட் வொறன் நோயுற்று, சுகம் தேடிச் சென்ற வழியில் 1818இல் தென்னாபிரிக்காவின் கேப் ரவுணில் இறந்தார். டானியல் பூவரின் மனைவி சூசன் 1821இலும், ஜேம்ஸ் றிச்சர்ட்ஸ் 1822இலும் மறைந்தனர். ஆறே ஆண்டுகளில் அச்சிறு கூட்டம் இவ்வாறு குறைந்தது. புதியவர்களை வரவழைக்கவும் வழியில்லை. 1820இல் அச்சுத் தொழில் தெரிந்த ஓர் அமெரிக்கர் வந்து சேர்ந்தபோது, தீவை விட்டு வெளியேறுமாறு சேர் எட்வேட் பான்ஸ் உத்தரவிட்டார். அமெரிக்கர் மீதான இத்தடை 1833 வரை நீடித்தது.

அதே பான்ஸ், தேசாதிபதியாக இருந்த காலத்தில் நுவரெலியாவின் குளிர்ந்த சமவெளியில் தமக்கென ஒரு மாளிகையைக் கட்டினார். நோயுற்ற படையினருக்கான சுகநிலையமும் அங்கு எழுந்தது. இலங்கையில் மலைவாச நகரம் என்ற எண்ணம் இவ்வாறுதான் உருப்பெற்றது. ஆட்சியாளருக்கு மலை வாய்த்தது. வடக்கின் சமவெளியிலிருந்த மிஷனரிக் குடும்பங்களுக்கு வாய்க்கவில்லை.

தடை நீங்கியதும் புதியவர்கள் வந்தனர். 1834இல் லீவை ஸ்போல்டிங் கடல் கடந்து மதுரை சென்று நிலைமையை ஆராய்ந்து திரும்பினார். அவ்வாண்டு நடுப்பகுதியில் ஹொய்சிங்டன், ரொட் ஆகிய இருவரும், யாழ்ப்பாணத்தில் பயின்ற தமிழ் உதவியாளர்களுடன் மதுரையில் இறங்கினர். அமெரிக்க மதுரை மிஷன் யாழ்ப்பாணத்தின் கிளையாகவே தொடங்கியது. வட்டுக்கோட்டை செமினரியின் முதல்வராயிருந்த டானியல் பூவரும் 1836 முதல் சில ஆண்டுகள் மதுரையில் பணியாற்றினார்.

மதுரையிலும் காய்ச்சலும் கொலராவும் அவர்களை விடவில்லை. பெரியவர்களும் குழந்தைகளுமாகப் பலரைப் புதைத்தனர். முதலில் அவர்கள் நாடியது திண்டுக்கல்லுக்கு அருகிலுள்ள சிறுமலையை. ஏறத்தாழ 4,000 அடி உயரமுள்ள அம்மலையில் வீடுகள் அமைத்தும் காய்ச்சல் தொடர்ந்தது. பின்னர் பழனி மலையில், ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இடந்தெரிந்து, 1845இல் இரண்டு வீடுகளைக் கட்டி முடித்தனர். ஒன்றின் பெயர் சன்னிசைட், மற்றொன்று ஷெல்ற்றன். ஆறு குடும்பங்கள் அவ்விரு வீடுகளையும் பகிர்ந்துகொண்டன. கொடைக்கானல் என்ற மலைநகரின் தொடக்கம் இதுவே.

சிறுமலை ஏன் கைவிட்டது, கொடைக்கானல் ஏன் காத்தது என்பதை அவர்கள் சரியாக அறிந்திருக்கவில்லை. தாழ்நிலத்தின் கெட்ட காற்றே காய்ச்சலைத் தருகிறது என்பது அக்கால மருத்துவத்தின் நம்பிக்கை. மலேரியாவைப் பரப்புவது நுளம்பு என்பதை றொனால்ட் றொஸ் செக்கந்தராபாத்தில் கண்டறிந்தது 1897இல்தான். நுளம்பின் உடலினுள் மலேரியாக் கிருமி வளர்வதற்கு வெப்பம் வேண்டும். ஏறத்தாழ 16 பாகை செல்சியசுக்குக் கீழே அவ்வளர்ச்சி தடைப்படுகிறது. சிறுமலையின் இதமான தட்பவெப்பம் கிருமிக்கும் இதமாக இருந்தது. கொடைக்கானலின் குளிர் அதற்கு ஒவ்வவில்லை. காரணத்தைப் பிழையாக விளங்கிக்கொண்டவர்கள், உயரத்தைச் சரியாகத் தெரிந்தெடுத்தனர்.

அக்காலப் பயணத்தைத் திட்டமிடுவது எளிதன்று. பெரியகுளத்திற்கு அருகிலுள்ள மலையடிவாரம் வரை மாட்டுவண்டி. அதற்கு மேல் ஒற்றையடி மலைப்பாதை. இயன்றவர்கள் நடந்தனர் அல்லது குதிரையேறினர். பெண்களும் குழந்தைகளும் நோயாளரும் கூலியாட்கள் தூக்கிய நாற்காலிகளிலும் டோலிகளிலும் ஏறிச் சென்றனர். பெட்டி, படுக்கை, மா, சீனி, கண்ணாடிச் சாமான் யாவும் தலைச்சுமையாகவே மேலேறின. 1875இல் அம்மையநாயக்கனூர் வரை புகையிரதம் வந்தது. வாகனங்கள் செல்லத்தக்க மலைவீதி திறக்கப்பட்டதோ இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் தசாப்தத்தில். அதுவரை ஒவ்வொரு குடும்பத்தின் ஓய்வும் வேறு குடும்பத்தவரின் தோள்களிலேயே மலையேறிற்று. ஏறியவர்களின் பெயர்கள் ஏடுகளில் உள்ளன. தூக்கியவர்களின் பெயர்கள் இல்லை. இறக்கிவிட்டு அவர்கள் திரும்பியது, எவற்றிலிருந்து அக்குடும்பங்கள் தப்பி வந்தனவோ அதே காய்ச்சலும் கொலராவும் உள்ள ஊர்களுக்கே.

மலையும் ஆளற்றதாக இருக்கவில்லை. பளியரும் புலையரும் அங்கு வாழ்ந்தனர். பூம்பாறையும் வில்பட்டியும் சன்னிசைட் வீட்டிற்கு மிக முந்திய ஊர்கள். 'கண்டுபிடிக்கப்பட்டது' என்று சுற்றுலா நூல்கள் கூறும்போது, யாரால், யாருக்கு என்ற கேள்வியை நாம் கேட்டேயாக வேண்டும்.

ஏரியும் இயற்கையானது அன்று. மதுரை மாவட்ட ஆட்சியராயிருந்த சேர் வியர் ஹென்றி லெவிஞ்ச், 1863இல் சதுப்பு நிலத்து நீரோடையை அணைகட்டி மறித்து உருவாக்கியதே இன்று படகுகள் ஓடும் கொடைக்கானல் ஏரி. முதற் படகு தூத்துக்குடியிலிருந்து கொண்டுவரப்பட்டதாகக் கூறுவர். நுவரெலியாவின் கிறகரி வாவியும் 1870களில் தேசாதிபதி வில்லியம் கிறகரியின் காலத்தில் இவ்வாறே அமைக்கப்பட்டது. வன்னியின் குளங்களை அறிந்த நமக்கு அணைகட்டி நீர் தேக்குவது புதிதன்று. வேறுபாடு ஒன்றுதான்: குளம் வயலுக்காகக் கட்டப்பட்டது, மலையேரி பார்வைக்காகக் கட்டப்பட்டது.

டானியல் பூவரின் முடிவையும் இங்கு சொல்லவேண்டும். கொடைக்கானல் வீடுகள் எழுவதற்கு முன்னரே, 1841இல் அவர் யாழ்ப்பாணம் திரும்பிவிட்டார். 1855இல் மானிப்பாயில் கொலராவுக்குப் பலியானார். அதற்கு முந்திய ஆண்டிலேதான் லண்டனில் ஜோன் ஸ்னோ, கொலரா நீரினால் பரவுவதை ஒரு தெருக்குழாயை வைத்து நிறுவினார். மலை தேவைப்பட்டிருக்கவில்லை, கொதித்தாறிய நீர் போதுமாயிருந்தது. அந்த அறிவு வந்து சேருமுன் அவர் போய்விட்டார். அதே ஆண்டுகளில் தீபகற்பத்திலும் தீவுகளிலும் கொலராவுக்கு இறந்தோர்க்குத் தப்பிச் செல்ல ஒரு மலையும் இருந்ததில்லை.

யாழ்ப்பாணத்துக்கும் கொடைக்கானலுக்கும் மற்றோர் உறவும் உண்டு. சேர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியார், அவுஸ்திரேலியாவிற் பிறந்து சைவராகி லீலாவதி எனப் பெயர்கொண்டவர். இராமநாதன் 1930இல் மறைந்தபின், 1936இல் அவ்வம்மையார் கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் கோயிலை எழுப்பினார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி 2018இல் அம்மலையில் மலர்ந்தது. அடுத்த முறை 2030. இப்போதே திட்டமிட விரும்புவோர் இந்த ஆண்டைக் குறித்துக்கொள்ளலாம்.

இனி, நம் குடும்பங்களின் திட்டத்திற்கு வருவோம். மலைப் பயணத்தில் மரவீடு கிடைக்காவிட்டால் கூடாரம் அடிக்கலாம் என்று பிள்ளைகள் சொல்வார்கள். தமிழில் அதற்கு நாம் வைத்திருக்கும் சொல் 'முகாம்'. மண்டைதீவாருக்கு அச்சொல் இலேசானதன்று. 1990 ஆகஸ்ட் மாதத்தில் இராணுவம் தீவகத்தில் இறங்கி, யாழ்ப்பாணக் கோட்டையை நோக்கி மண்டைதீவு வரை முன்னேறியது. மக்கள் கையிலகப்பட்டதோடு ஊரைவிட்டு ஓடினர். அந்நாட்களில் பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர் பலர் திரும்பவேயில்லை. அதன்பின் பல ஆண்டுகள் முகாம் என்றால் இராணுவ முகாம் அல்லது அகதி முகாம். தறப்பாளின் கீழ் நித்திரை கொள்வது, கல் மூன்று வைத்துச் சமைப்பது, வாளியோடு நீருக்கு நிற்பது ஆகியன பேரப்பிள்ளைகளுக்கு விளையாட்டு. பாட்டிமாருக்கு அவை நினைவுகள்.

ஆகவே, ஏரிக்கரையில் கூடாரத்துள் நுழைய அம்மம்மா தயங்கினால் குளிர் என்று எண்ணிவிட வேண்டாம். அவருக்கு மரவீட்டில் ஓர் அறையை ஒதுக்குங்கள். முடிந்தால், இரவு நெருப்பின் அருகில் இருத்தி, அவர் எங்கெங்கு படுத்தெழும்பினார் என்று கேளுங்கள். கொடைக்கானலுக்கு முதலில் ஏறியவர்கள் பிள்ளைகளைச் சாகக் கொடுத்த பெற்றோர். மண்டைதீவிலிருந்து ஓடியவர்களும் பிள்ளைகளைக் காக்க ஓடிய பெற்றோரே. முன்னவர்களின் கதை நூல்களில் எழுதப்பட்டுவிட்டது. பின்னவர்களின் கதை இன்னமும் பெரும்பாலும் அவர்களது வாயிலேயே இருக்கிறது. அதைச் சொல்லவல்லோரின் தொகை ஆண்டுதோறும் குறைந்து வருகிறது.