வறண்ட காப்பகங்களில் ஒட்டுண்ணிக் குளவிக் கணக்கெடுப்பு

ஒட்டுண்ணிக் குளவிகள் பிற பூச்சிகளின் முட்டை, புழு அல்லது கூட்டுப்புழுவில் முட்டையிடுபவை. பொரிந்து வரும் இளம்புழு அந்தப் பூச்சியையே தின்று வளர்வதால் அது இறந்துபோகிறது. இக்னியூமோனிடே, பிரக்கோனிடே, கால்சிடிடே, யூலோபிடே, என்சிர்டிடே ஆகியவை இவற்றின் முக்கியக் குடும்பங்கள். முட்டை ஒட்டுண்ணியான டிரைக்கோகிரம்மா ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியது.

நிலப்பகுதி: தென்மேற்குப் பருவமழையில் குற்றாலம் நனையும்போது, கிழக்கே உள்ள சுரண்டைப் பக்கத்துக்குக் காற்றே மிகுதியாக வந்து சேர்கிறது. இங்குள்ள மானாவாரி நிலங்கள் பெரிதும் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. இத்தகைய வறண்ட சூழலில், 1988-இல் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் கீழ்ச்சரிவுகளிலும், 1987-இல் அறிவிக்கப்பட்ட வல்லநாடு வெளிமான் சரணாலயத்திலும் முட்புதர்க் காடு காணப்படுகிறது.

முறைகள்: சோப்புக் கரைசல் ஊற்றிய மஞ்சள் தட்டுகளைத் தரையில் வைத்தால் சிறு குளவிகள் நிறத்தால் ஈர்க்கப்பட்டு விழும். சுவீடன் பூச்சியியலாளர் ரெனே மலேஸ் வடிவமைத்த கூடாரப் பொறி, பறந்து வருபவற்றைத் தடுத்து உச்சியிலுள்ள சாராயக் குப்பிக்குள் சேர்க்கும். புல்லிலும் புதரிலும் வீச்சுவலை உதவும். எந்தக் குளவி எந்தப் பூச்சியில் வளர்கிறது என்பதைப் பொறிகள் காட்டுவதில்லை. அதற்குப் புழுக்களையும் முட்டைகளையும் சேகரித்து, வெளிவருவது எது என்று வளர்த்துப் பார்க்க வேண்டும். வறண்ட நிலத்தில் மழைக்குப் பின் தழையும் புழுக்களும் பெருகும். ஆகவே ஒரே பருவத்தில் எடுக்கும் கணக்கு குறைபட்டது.

கோஸ்டா ரிக்காவின் குவானகாஸ்தே காப்பகத்தில் டேனியல் ஜான்சென் குழுவினர் 1978 முதல் இவ்வாறு புழு வளர்த்து வருகின்றனர். அங்கிருந்து கிடைத்தவற்றை மரபணுக் குறியீட்டின் துணையோடு ஆராய்ந்து, 2021-இல் வெளியான ஒரே ஆய்வில் 400-க்கும் மேற்பட்ட பிரக்கோனிட் இனங்கள் புதிதாகப் பெயரிடப்பட்டன.

பயன்: 2008-இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளிப் பயிர்களை அழித்தது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட அசெரோபேகஸ் பப்பாயே என்னும் குளவி அதைக் கட்டுப்படுத்தியது. வெளியிலிருந்து குளவியைக் கொண்டுவருமுன் உள்ளூரில் எவை உள்ளன என்ற பட்டியல் தேவை. காப்பகக் கணக்கெடுப்பு அதற்கு அடிப்படை.

சட்ட நிலை: காப்பகத்தில் மாதிரி எடுக்க வனத்துறை அனுமதி கட்டாயம். உயிரியல் பன்மயச் சட்டம் 2002-இன்படி, புதிய இனத்தைக் கண்டறிபவர் அதன் மாதிரியை அரசு அறிவித்த காப்பு நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும்.